சாட்சி சொன்ன கண்ணாடிக்காரர்

கண்ணாடிக்காரர் பேசாத மனிதர் என்று கடைத்தெருவில் பெயர் வாங்கியிருந்தார். சுத்தப் பொய். அவருக்குப் பேச வரும், நன்றாகவே வரும். பேசுவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. அவர் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் முன்பக்கம் ஃபிரேம் எடுத்துக் காட்டுகிற பெண்களுக்கு வாடிக்கையாளர்களோடு வாய் ஓயாது. கல்லாவில் இருக்கும் முதலாளிக்குப் போன் ஓயாது. இவருக்குக் கிடைத்தது பின்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. லென்ஸின் விளிம்பை உரசி ஃபிரேமுக்குத் தகுந்தபடி ஆக்குகிற இயந்திரம் ஒன்று, அதன் மேல் ஒழுகிக்கொண்டே இருக்கும் தண்ணீர், அடியில் தேங்குகிற வெள்ளைச் சேறு. காலையில் உள்ளே போனவர் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார். அதுவரை அவர் காதில் விழுவது இரண்டே வாக்கியம். "இது அவசரம்." "இது நாளைக்குப் போதும்."

பிழைப்புக்காக வந்து சேர்ந்த நகரம் அது. அவரும் மனைவியும் ஞாயிறு தவறாமல் ஒரு பெரிய கிறிஸ்தவ சபைக்குப் போனார்கள். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தாலாவது சண்டை போட்டு நாலு பேரைத் தெரிந்துகொண்டிருக்கலாம். வாசலில் நின்று வரவேற்கிறவர் ஒருவர் உண்டு. பளிச்சென்று சிரிப்பார், கையைக் குலுக்குவார், "முதல் தடவையா வர்றீங்களா? ரொம்ப சந்தோஷம்!" என்று ஒரு வரவேற்பு அட்டையை நீட்டுவார். போன வருஷமும் அதையே சொன்னார். அதற்கு முந்தின வருஷமும். "அந்த அட்டையெல்லாம் சேத்து வச்சிருந்தா இந்நேரம் ஒரு வீடே கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி.

அம்மா இறந்து, அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய வாரம். அழுது வீங்கிய முகத்தோடு அதே வாசலில் போய் நின்றார் கண்ணாடிக்காரர். அதே சிரிப்பு, அதே கைகுலுக்கல். "முதல் தடவையா வர்றீங்களா?" அட்டையை வாங்கி அப்படியே கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆராதனை முழுக்க அவருக்கு ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மனிதனுக்கு அம்மா செத்துப்போனதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்றால், அது என்ன ஆண்டவர் வீடு, அவர்கள் என்ன சகோதரர்கள்?

அந்த வாரம்தான் தையல் அக்கா கடைக்கு வந்தார். அதே தெருவில் பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவர், கணவரை இழந்து ரொம்ப காலம். ஃபிரேமின் திருகு கழன்றுவிட்டது. முன்னால் கூட்டமாக இருந்ததால் பெண்கள் அவரைப் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். திருகை முடுக்கிக்கொண்டிருந்த மனிதரின் முகத்தைப் பார்த்த அக்கா, "என்ன தம்பி, முகமெல்லாம் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்கு எதிரே, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, ஐம்பதைத் தாண்டிய ஆள் ஓவென்று அழுதார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுசாக அழ விட்டார். பிறகு சொன்னார், "ஞாயித்துக்கிழமை எங்க கூட்டத்துக்கு வாங்க. சின்ன இடம்தான். ஆனா ஆளுங்க இருக்காங்க."

டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேடை, ஒரு டிரம் செட், முப்பது நாற்பது பேர். முதல் நாளே கட்டிப்பிடித்தார்கள். இரண்டாம் வாரம் "லென்ஸ் அண்ணன்" என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதம் காய்ச்சலில் படுத்து ஒரு ஞாயிறு போகவில்லை. அன்று சாயங்காலமே நாலு பேர் சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "நீங்க இல்லாம ஹாலே ஹாலா இல்லண்ணே!" என்றார்கள். மனிதர் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டார். காய்ச்சல் காரணமில்லை.

அவர் மனைவிக்கும் அந்த மனிதர்களைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவள் பேக்கரியில் வேலை பார்ப்பவள். இன்றைய ரொட்டியா நேற்றையதா என்று தொட்டே சொல்லிவிடுவாள். அந்த ஹாலையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை நடத்தியவரை எல்லாரும் 'அப்பா' என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தேன் வழியும் குரல். கண்ணாடிக்காரரும் தயங்காமல் அப்பா என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"உங்களைவிடச் சின்னவரு உங்களுக்கு அப்பான்னா, எனக்கு என்ன முறை ஆகுது? மாமனாரா?"

"இது ஆவிக்குரிய முறைடி."

"இருக்கட்டும். ஆவிக்குரிய மாமனார் வீட்டுக்கு வந்தா ஆவிக்குரிய டீ போட்டா போதும்ல? சக்கரை மிச்சம்."

அந்த 'அப்பா' பணம் பிடுங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். காணிக்கைப் பையைக்கூட அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு வேண்டியது சாட்சி. யாருக்காவது வியாதி போனது, வேலை கிடைத்தது, பிரிந்த புருஷன் திரும்பி வந்தான் என்று ஞாயிறுதோறும் யாராவது மேடையேறி மைக்கில் சொல்ல வேண்டும். ஒரு ஆள் போனில் படம் பிடிப்பான். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பார்க்கும். அடுத்த வாரம் புதிதாக ஐந்து பேர் படியேறி வருவார்கள்.

சாட்சி சொன்னவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சொல்ல எதுவும் இல்லாதவர்கள் பின்னால், செருப்பு கழற்றி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இப்படி உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அந்த இடத்தின் சாமர்த்தியமே! யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். எல்லாம் தானாக நடக்கும். பின்வரிசையில் ரொம்ப நாள் உட்கார்ந்தவரைப் பார்த்து மற்றவர்கள் கனிவோடு சிரிப்பார்கள். "உங்களுக்கும் நடக்கும்ணே" என்று தோளைத் தட்டுவார்கள். அந்தத் தட்டலுக்கு ஒரு அறையே தேவலாம். கண்ணாடிக்காரருக்கு வியாதியும் இல்லை, வேலையும் போகவில்லை, பெண்டாட்டியும் ஓடிப்போகவில்லை. சாட்சிக்கு எங்கே போவார் பாவம்.

தையல் அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் இருந்தது. காலையிலும் இரவிலும் சொட்டு மருந்து விட வேண்டும், ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவும் தவறாமல் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு, 'அப்பா' அக்காவை மேடைக்கு அழைத்து, இரண்டு கண்ணிலும் கைவைத்து ஜெபித்தார். "எப்படிம்மா இருக்கு?" என்றார். "லேசா இருக்குப்பா" என்றார் அக்கா. உடனே அவர் பார்வை பின்வரிசைக்குப் போனது.

"நம்ம லென்ஸ் அண்ணன் இருக்காரே! கண்ணைப் பத்தி அவரை விடவா நமக்குத் தெரியும்? அடுத்த வாரம் கடையில இருந்து அந்த எழுத்துச் சார்ட்டை எடுத்துட்டு வாங்கண்ணே. எல்லார் முன்னாடியும் நீங்களே டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

ஹால் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்கு நடந்து போனவரின் கால் தரையில் பாவவில்லை என்பதை மனைவி கவனித்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்காரர் டாக்டர் இல்லை. ஆனால் இருபது வருஷம் டாக்டர்களின் கண் சீட்டுகளுக்கு நடுவிலேயே இருந்தவர். கண் அழுத்தம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அது நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். முதலில் ஓரத்தைத் தின்னும். சத்தமில்லாமல், வலியில்லாமல், துணியை ஓரத்திலிருந்து பூச்சி அரிப்பதைப் போல. ஓரம் போய்க்கொண்டிருக்கும்போதும் ஆள் ஊசியில் நூல் கோப்பார், சார்ட்டில் கடைசி வரி வரை படிப்பார். எழுத்துச் சார்ட் நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கும். அக்காவின் வியாதிக்கு அந்தச் சார்ட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. போதாக்குறைக்கு, ஹாலில் பழகின பிறகு அக்காவுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிச் சார்ட்டைப் படிக்க வைத்ததே அவர்தான். ஜெபத்துக்கு முன்பும் அக்கா அந்தக் கடைசி வரியைப் படித்தவர்தான். எல்லாம் தெரியும் மனிதருக்கு.

தெரிந்தே சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா மேலேயிருந்து கீழே வரை கடகடவென்று படித்தார். ஹால் அதிர்ந்தது. டிரம் அடிக்கிறவன் கட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். 'அப்பா' மைக்கைக் கண்ணாடிக்காரர் வாய்க்கு நேரே நீட்டினார். "சொல்லுங்கண்ணே! என்ன பாத்தீங்க?"

"கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டாங்க" என்றார்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு எழுத்து பொய் கிடையாது. உண்மையை மட்டுமே வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியும் என்று அந்த மனிதர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இனிமே சொட்டு மருந்து வேணுமா? அப்பாகிட்ட கேட்டேன். 'என்னைக் கேக்காதீங்கம்மா, உங்க லென்ஸ் தம்பியைக் கேளுங்க'ன்னுட்டாரு."

சுற்றி முன்வரிசைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கை இவர் தோளில் இருந்தது. எல்லா முகத்திலும் சிரிப்பு. இத்தனை வருஷம் பெரிய சபை வாசலில் அவர் தேடிய முகங்கள்.

"ஆண்டவரே தொட்டதுக்கு அப்புறம் என்னக்கா சந்தேகம்?" என்றார்.

"ஆமென்!" என்றார்கள் எல்லாரும். தோளில் இருந்த கை ஒருமுறை அழுத்தியது.

கேட்டீர்களா? மருந்தை நிறுத்து என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை! 'அப்பா' சொல்லவில்லை, தம்பி சொல்லவில்லை. ஆனால் மருந்து நின்றுவிட்டது. இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அன்று வீட்டில் மனைவி சோற்றுத் தட்டைத் தரையில் 'டங்' என்று வைத்தாள்.

"நீங்க டாக்டரா?"

"நான் என்ன மருந்தை நிறுத்துன்னா சொன்னேன்?"

"பைபிள்ல ஒரு குருடனை ஆண்டவர் தொட்டாரே, ஞாபகம் இருக்கா? தொட்டுட்டு என்ன தெரியுதுன்னு கேட்டாரு. பாதிதான் சரியா தெரியுதுன்னு அந்த ஆள் ஒளிக்காம சொன்னான். ஆண்டவர் கோவிச்சுக்கிட்டாரா? இன்னொரு தடவை தொட்டாரு. அவர்கிட்டயே உள்ளதைச் சொல்லலாம். உங்க டயர் கடை மாடியில சொல்லக் கூடாதோ?"

"உனக்கு விசுவாசம் கம்மி."

"உங்களுக்கு முதுகெலும்பு கம்மி" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் ஹாலில் டீ கொடுத்தார்கள். அக்கா டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்தார். அது விழுந்து உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும்தான். இன்னொரு நாள் பக்கவாட்டிலிருந்து கண்ணாடிக்காரர் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். அக்கா வாங்கவே இல்லை, நேரே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு நிலையில் தோள் இடித்து நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் கண்ணாடிக்காரர் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக வைத்திருந்தார். வயசு. அவசரம். ஹாலில் வெளிச்சம் போதாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு எவ்வளவு இருந்தாலும் போதாது, பாருங்கள்.

கடைசியில் ஒரு மத்தியானம், தெருவைக் கடந்த அக்காவின் மேல் பக்கவாட்டிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் மோதியது. ஓட்டி வந்த பையன் ஹாரன் அடித்திருக்கிறான், கத்தியிருக்கிறான். "என் பக்கமே திரும்பாம நேரா நடந்தாங்க சார்" என்று அழுதான். நெற்றி பிளந்து ரத்தம். கண்ணாடிக் கடைக்குத்தான் தூக்கி வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நெற்றிக்குத் தையல் போட்ட பிறகு கண் டாக்டரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு நடுவில் கொஞ்சம் மிச்சம். போனது திரும்ப வராது. இன்றிலிருந்தே மருந்து விட்டால் இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்றலாம். இல்லையென்றால் அதுவும் போய்விடும்.

"யார் மருந்தை நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டர் திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவர் திட்டவில்லை. மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேரே டயர் கடை மாடிக்குப் போனார். 'அப்பா' மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார். உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, நான் எப்பவாவது அம்மாகிட்ட மருந்தை நிறுத்துங்கன்னு சொன்னேனா?"

கண்ணாடிக்காரர் அவர் கையில் சுருண்டுகொண்டிருந்த வயரைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்கிட்ட கேட்டாங்க. உங்களைக் கேக்கச் சொன்னேன். நீங்கதானே தெரிஞ்சவரு? நீங்க ஒரு வார்த்தை 'விடாதீங்கக்கா'ன்னு சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பேனா?"

கழுவுற மீனில் நழுவுற மீன்! அந்த ஆள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அவரும் உண்மையை வைத்தே வியாபாரம் செய்கிறவர். கடப்பாரையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு, சுவர் இடிந்ததும் தன் கையை விரித்துக் காட்டுகிறவர்.

"அம்மா சாட்சியை எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா? அவங்க விசுவாசம் உடைஞ்சா யார் பொறுப்பு? நீங்க சோர்ந்திருக்கீங்கண்ணே. கொஞ்ச நாள் பின்னாடி உட்காந்து ஜெபம் பண்ணுங்க" என்றார் 'அப்பா'. நாற்காலியைப் பிடுங்கிவிட்டார், அவ்வளவு கனிவாக.

அடுத்த நாள் மருந்தை வாங்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனார். தையல் மிஷின், ஒரு கட்டில், தரையில் இரண்டு பாய்கள். ஹாலுக்கு வருகிற இரண்டு இளம்பெண்கள் அக்காவோடு தங்கியிருந்தார்கள். ஒருத்தி அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர்கள் வேலைக்குக் கிளம்பும்வரை காத்திருந்து மருந்தை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"இதை இங்க வச்சா அந்தப் பிள்ளைங்க பாக்கும். பாத்தா ஹாலுக்குத் தெரியும். அப்புறம் என் சாட்சி என்ன ஆகும்?"

"சாட்சி நாசமாப் போகட்டும்க்கா! கண்ணு போகுது!"

"கத்தாதடா. எனக்குக் காது கேக்குது." அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். அவரைத் தம்பி என்றும் வாங்க என்றும் அழைத்தவர், முதல் தடவையாக டா போட்டார். "புருஷன் போனப்புறம் இந்த ரூம்ல பேச்சுத் துணைக்கு மிஷின் சத்தம்தான் இருந்துச்சு. இப்போ ரெண்டு பிள்ளைங்க என்னோட படுக்குது. நேத்து மட்டும் பத்துப் பேரு வந்து பாத்தாங்க. இந்தக் கண்ணும் போனா கையப் பிடிச்சு நடத்த எனக்கு ஆளுங்க இருக்காங்க. ஆளுங்க போயிட்டா கண்ணை வச்சுக்கிட்டு நான் எதைப் பாக்கிறது?"

கண்ணாடிக்காரருக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. எப்படி வரும்? அந்தப் பசி என்னவென்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பசியைத் தெரிந்துகொண்டு, அதற்குச் சோறு போடுகிற கையாலேயே கண்ணைப் பிடுங்குகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அந்தக் கைகளில் ஒன்று தன்னுடையது என்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

ஞாயிறு வந்தது. கண்ணாடிக்காரரும் மனைவியும் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 'அப்பா' அக்காவை மேடைக்கு அழைத்தார். நெற்றியில் கட்டு. இரண்டு பெண்களும் இரண்டு கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

"விபத்துல இருந்து அம்மாவை ஆண்டவர் காப்பாத்தினார்! சத்துருவான சாத்தான் அம்மா சாட்சியைத் திருடப் பாத்தான். அம்மா, நல்லா தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா" என்றார் அக்கா. ஹால் கை தட்டியது. போன்காரன் முன்னால் வந்து படம் பிடித்தான்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். "போங்க" என்றாள் மனைவி. அவர் நடுவழியாக நடந்து மேடையேறினார். யாரும் தடுக்கவில்லை. சாட்சி சொல்ல வருகிறார் என்று நினைத்து வழி விட்டார்கள். 'அப்பா' மட்டும் மைக்கை மார்போடு பிடித்துக்கொண்டார். இவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"போன தடவை நான் கொண்டாந்த சார்ட்டு அக்கா வியாதிக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன். உங்க முன்னாடி ஒரு நாற்காலி கிடைக்குமேன்னு நின்னேன். அக்கா வியாதிக்கு டெஸ்ட்டு இதுதான், பாத்துக்குங்க."

அக்காவுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றார். "அக்கா, என் மூக்கை மட்டும் பாருங்க. கண்ணை அசைக்காதீங்க." வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி மூன்று விரலைக் காட்டினார். "என் கை தெரியுதா?"

"தெரியுது தம்பி."

"எத்தனை விரல்?"

அக்காவின் முகத்தில் வேர்வை அரும்பியது. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "மூணுக்கா" என்றது. இன்னொரு குரல், "மூணு, மூணு." பிறகு பத்துக் குரல்கள். பரீட்சையில் திணறுகிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதைப் போல, அத்தனை பாசமாக, "மூணுக்கா! சொல்லுங்க, மூணு!"

"மூணு" என்றார் அக்கா.

ஹால் எழுந்து நின்று தட்டியது. சூப் கொண்டு வந்த நாலு பேரும் தட்டினார்கள். அக்காவுக்குத் தலை வாரிய பெண் கண்ணீரோடு தட்டினாள். கண்ணாடிக்காரருக்கு அங்கேயே செத்துவிடலாம் என்றிருந்தது. அவர்களில் ஒருவர்கூட அக்காவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அத்தனை பேரும் அந்த மூன்று விரலைப் பார்த்தார்கள், அக்கா பார்க்கவில்லை என்பதையும் பார்த்தார்கள்.

அவர் கையை இறக்கினார். முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்க் கட்டிக்கொண்டார். இன்னொரு கையையும்.

"இப்போ எத்தனைக்கா?"

தட்டல் ஓய்ந்தது. அக்கா அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னபடி கண்ணை அசைக்கவில்லை.

"மூணுதான் தம்பி" என்றார், சிரித்தபடி. "மூணு."

யாரும் பேசவில்லை. ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அந்த அமைதி அக்காவுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு அப்படியே நின்றது. தலையை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார்.

"ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க? தப்பாச் சொல்லிட்டேனா?"

'அப்பா' திரும்பி டிரம் பக்கம் கை காட்டினார். பாட்டு இடிபோல் கிளம்பியது. சிலர் பாடினார்கள். சிலர் வாயைத் திறந்து மூடினார்கள். போன்காரன் போனை இறக்கிவிட்டான்.

கண்ணாடிக்காரர் மனைவி மேடைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறினார். மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை உதறவில்லை. தலை வாரிவிட்ட பெண் அக்காவின் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மற்றவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

படிக்கட்டின் உச்சியில் அக்கா நின்றார்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியேடா."

"ஆமாக்கா" என்றார் கண்ணாடிக்காரர்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எங்கடா போவேன்?"

அவருக்குப் பெரிய சபை வாசலும் அந்த அட்டையும்தான் நினைவுக்கு வந்தன. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? உள்ளே பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் கிடக்கு, அதுக்குள்ள நாலு பேரு ஒண்ணா உட்கார ஒரு பாயா கிடைக்காது?" என்றாள் மனைவி எரிச்சலோடு. "மொதல்ல கண்ணுக்கு மருந்தை விடணும். இதோ படி. என்னை நல்லாப் பிடிச்சுக்குங்க."

அக்கா காலை நீட்டிப் படியைத் தடவினார். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால், அழுதுகொண்டே, கண்ணாடிக்காரர் நிற்கிற திசை தெரியாமல் காற்றில் ஓங்கி ஓங்கி அடித்தார். அவர் ஒரு படி கீழே இறங்கி, அந்த அடி தன்மேல் விழுகிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.